கறுப்புக் காரின் முன்சீற்

என் வயதுக்காரர்களே, ஒரு உண்மையைச் சொல்லட்டுமா? கூடப்பிறந்ததைப் பார்த்து வயிறெரியாத ஒரு பிள்ளையும் எங்கள் வகுப்பில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது எல்லோரும் பெரிய மனுசர் ஆகிவிட்டீர்கள். முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, "எங்கடை அண்ணை தங்கம், எங்கடை தங்கச்சி தங்கம்" என்று கதைக்கிறீர்கள். கதையுங்கள். நான் அப்படிக் கதைக்கப் போவதில்லை. எனக்கு என் அண்ணையைப் பார்த்தால் எரிச்சல். பதினொரு வயதிலும் எரிந்தது, போன கிழமையும் எரிந்தது.

போன கிழமை அவன் புத்தூரிலிருந்து போன் எடுத்தான். நான் நெல்லியடியில் வாழ்க்கைப்பட்டு இருபது வருசத்துக்கு மேலாகிறது. நல்ல நாள் பெருநாளுக்குத்தான் எடுப்பான். அன்றைக்கு நல்ல நாளும் இல்லை.

"பிள்ளை, காரை என்ன செய்வம்? எஞ்சின் இறுகிப் போச்சு. வெளிநாட்டிலையிருந்து வந்த ஒருத்தர் கேக்கிறார், பழைய கார் சேக்கிறவராம். திருத்திறதெண்டால் கனக்க வேலை இருக்கு. நீ ஒருக்கா வந்து பாத்துச் சொல்லு. ஐயாவின்ரை கார், உனக்கும் பங்கிருக்கு."

பங்காம்! காலம் முழுக்க அந்தக் காரின் முன்சீற்றில் குந்தியிருந்தவன் எஞ்சின் இறுகிய பிறகு எனக்குப் பங்கு தருகிறான். "யோசிச்சுச் சொல்லுறன்" என்று போனை வைத்தேன். யோசிக்க இருந்தால், திருத்துவதா விற்பதா என்று அதே காரைப் பற்றி அதே வீட்டில் நடந்த முதல் கதை வந்து முன்னால் நின்றது. அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்தக் காரை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கறுப்பு நிறம், தவளைக் கண் மாதிரி இரண்டு வட்ட விளக்கு, கதவைச் சாத்தினால் பெட்டகம் மூடுகிற சத்தம். ஐயா கலியாணம் கட்டுவதற்கு முதலே வாங்கியது. வாங்கும்போதே அது பழசு. கலியாணத்துக்கும் ஆசுப்பத்திரிக்கும் செத்தவீட்டுக்கும் ஹயர் என்று வாடகைக்கு ஓடுவார். ஓட்டம் இல்லாத நாளில் தோட்டம். செம்பாட்டு மண்ணோடு வந்து ஏறுவதால் மிதிபலகை எப்போதும் சிவப்பாக இருக்கும். எங்கள் வீட்டுக்கே கார்க்காரர் வீடு என்றுதான் பெயர்.

அந்தக் காருக்குள் ஒரு சட்டம் இருந்தது. முன்னுக்கு ஐயாவும் அண்ணையும். பின்னுக்கு அம்மாவும் நானும், சில நாள் வாழைக்குலையும். பின்சீற்றின் தோல் வெடித்து உள்ளே இருந்த தும்பு தொடையில் குத்தும். அம்மா தன் பழைய சீலையை மடித்துத் தைத்து மேலே போட்டிருந்தா. அதற்குள்ளாலும் குத்தும். அங்கேயிருந்து பார்த்தால் எனக்குத் தெரிந்த உலகம் இரண்டு பிடரி. ஐயாவின் பிடரியில் வேர்வை, அண்ணையின் பிடரியில் புதுசாக வெட்டிய தலைமயிர். இரண்டு பேரும் முன்னுக்கு ஏதோ கதைத்துச் சிரிப்பார்கள். காற்று அதை வெளியே கொண்டு போய்விடும்.

"என்ன ஐயா?" என்று எட்டிக் கேட்பேன்.

"ஒண்டுமில்லை பிள்ளை, நீ சாஞ்சு இரு."

இந்த ஒண்டுமில்லையை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன்!

அதைவிட எரிச்சல் ரோட்டர். எஞ்சினுக்குள் கோப்பையைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு மூடி இருக்கும். அதன் கீழே கொட்டைப்பாக்கை விடக் கொஞ்சம் பெரிய மண்ணிறத் துண்டு ஒன்று. அதுதான் ரோட்டர். அது இல்லாமல் எந்தக் கொம்பனும் காரை ஸ்ராட் பண்ண முடியாது. துவக்கோடு வருகிறவர்கள் கேட்காமல் கொள்ளாமல் வாகனத்தை எடுத்துக்கொண்டு போகிற காலம் என்பதால், பொழுதுபட முதலே ஐயா அதைக் கழற்றிச் சாமியறையில் திருநீற்றுச் சட்டிக்குள் வைத்துவிடுவார். விடிந்ததும் எடுத்துப் பூட்டுவது அண்ணையின் வேலை. குளித்து, திருநீறு பூசி, அந்தத் துண்டில் ஒட்டிய திருநீற்றை ஊதி, ஏதோ விக்கிரகத்தைத் தூக்குகிற குருக்கள் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முற்றத்தால் நடப்பான். ஒருநாள் நான் தொட்டுப் பார்த்ததற்கு அம்மா கையில் அடித்தா. "பொம்பிளைப் பிள்ளைக்கு எஞ்சினுக்குள்ளை என்ன அலுவல்?" அந்த அடி இன்னும் நோகிறது, மெய்யாகத்தான்.

ஆனால் எனக்கும் ஒரு காலம் வந்தது. சண்டையால் பெற்றோல் வராமல் போன காலம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஊரில் ஓடிய வாகனமெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு அசையாது. முதலில் இரண்டு மூடி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு, ஹான்டிலை முன்னால் செருகிச் சுழற்றி, அது உறுமத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பிறகு ஊரெல்லாம் குப்பிவிளக்கு மணம்தான். அந்த இரண்டு மூடிப் பெற்றோல் கிடைப்பதே பெரிய பாடு. எங்கள் வீட்டில் அது இருமல் மருந்துப் போத்தலில் இருந்தது.

ஒருநாள் அண்ணை அந்தப் போத்தலைத் தட்டி ஊற்றிவிட்டான். அரைப் போத்தல் செம்பாட்டு மண் குடித்தது. ஐயா அவனை அடிக்கவில்லை. "இனிமேல் பெற்றோல் பிள்ளையின்ரை பொறுப்பு" என்று மட்டும் சொன்னார். எனக்கு நிலத்தில் கால் படவில்லை. அடுப்புப் பக்கம் போகாமல் கோழிக்கூட்டுக்கு மேலே தட்டில் போத்தலை வைத்தேன். ஐயா கூப்பிடும்போது கொண்டுபோய், ஒரு துளி சிந்தாமல் மூடியில் அளந்து நீட்டுவேன். "காணும்" என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார். அந்த ஒரு சொல்லுக்காகக் காலையில் சேவலுக்கு முதல் எழும்பியிருக்கிறேன்.

அந்த வருசம் புலமைப்பரிசில் சோதினையில் நான் பாஸ். அண்ணை பாஸ் பண்ணாத சோதினை. ஐயா சந்தோசத்தில் கேட்டார், "என்ன பிள்ளை வேணும்?"

"நல்லூர்த் தேருக்கு நான் முன்சீற்றிலை வரோணும்."

ஐயா சிரித்தார். "இவ்வளவுதானே! வாற தேருக்கு நீதான் முன்னுக்கு."

அண்ணையும் பக்கத்தில் நின்றான். சும்மா சொல்லக்கூடாது, அவனும் சிரித்தான். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. விட்டுக்கொடுக்கிறானாம்.

தேருக்கு இரண்டு மாதம் இருக்கக் கார் புகைக்கத் தொடங்கியது. முதலில் வெள்ளைப் புகை, பிறகு நீலம். ஏற்றத்தில் இழுக்காது. சந்தியில் கராச் வைத்திருந்த மெக்கானிக் வந்து காதை வைத்துக் கேட்டார், புகைக்குழாயில் விரலை விட்டுப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டு ஐயாவிடம் சொன்னார்.

"அண்ணை, உள்ளுக்குத் தேஞ்சுபோச்சு. ஒண்டில் எஞ்சினை முழுக்க இறக்கி வேலை செய்யோணும். இல்லாட்டில் ஓடுற நிலையிலை ஆரும் கேட்டால் குடுத்துவிடுங்கோ. உப்பிடியே வச்சு ஓடினால் மழைக்கு முதல் பழைய இரும்பு."

சாமான் ஒன்றும் வராத காலம். ஐயா மூன்று நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. நாலாம் நாள் அம்மா கதைத்தா. நான் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், குசினிக்குள் இருந்து எல்லாம் கேட்டது.

"வித்துப்போடுங்கோ. வித்து அவனை அனுப்புங்கோ. என்ரை அண்ணை பிரான்சிலையிருந்து எழுதிப்போட்டார், வந்து சேர்ந்தால் தான் பாத்துக்கொள்ளுறனெண்டு."

"உழைக்கிற காரை வித்துப்போட்டு என்னத்தைச் சாப்பிடுறது?"

"வெங்காயம் இருக்கு. தோட்டம் இருக்கு. கார் போனால் வேறை கார் வரும். பதினேழு வயசுப் பொடியன் போனால் வருமோ?"

ஐயாவின் பதில் எனக்குக் கேட்கவில்லை. அந்த வயதுப் பொடியன்களை வீட்டில் வைத்திருக்க எல்லோரும் பயந்த காலம் என்பது இன்றைக்கு எனக்கு விளங்குகிறது. அன்றைக்கு விளங்கினது ஒன்றே ஒன்று: கார் அண்ணைக்காகப் போகப் போகிறது. பொரித்த முட்டை அவனுக்கு, புதுச் சைக்கிள் அவனுக்கு, முன்சீற் அவனுக்கு, ரோட்டர் அவனுக்கு, கடைசியில் முழுக் காரும் அவனுக்கு. எனக்காக அந்த வீட்டில் ஒரு கோழியைக்கூட விற்றதில்லை. வயிறு பற்றி எரிந்தது, அப்படியொரு எரிவு பிறகு பிள்ளைப்பேற்றிலும் எனக்கு வரவில்லை.

போகிறவனிடம் ஒருவரும் விருப்பம் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரங்களில் காரைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தான். மிதிபலகையில் ஒட்டிய மண்ணை ஈர்க்கால் கிண்டி எடுத்தான். வாங்க வருகிறவனுக்கு மினுக்கிக் காட்டுகிறான் என்று நினைத்தேன். பிரான்சுக்கு எவ்வளவு அவசரம் பார் என்று மனதுக்குள் திட்டினேன்.

வாங்க வந்தவர் கொடிகாமத்து மரக்கறி யாவாரி. வெள்ளைச் சாரம், சேட்டுப் பையில் இரண்டு பேனை. காரைச் சுற்றி வந்தார், ரயரை உதைத்தார், பின்கதவைத் திறந்து அம்மா தைத்த சீலை உறையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"உந்தப் பின்சீற்றைக் கழட்டி எறிஞ்சால் நாலு மூடை கத்தரிக்காய் ஏத்தலாம். முன்சீற் இருக்கட்டும்."

கேட்டீர்களா? என் இடத்தைக் கழற்றி எறிவாராம், அண்ணையின் இடம் இருக்கட்டுமாம். வேலி ஓரம் நின்று அந்த மனுசனைப் பார்த்த பார்வையில் அவருக்குக் காய்ச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தேத்தண்ணி குடித்தார், பிஸ்கற் சாப்பிட்டார், போகும்போது ஒரு சொல் சொன்னார்.

"வியாழக்கிழமை நல்ல நாள். காசோடை வாறன். குளிர்ந்த எஞ்சினை என்ரை கண்ணுக்கு முன்னாலை ஸ்ராட் பண்ணிக் காட்டோணும். வந்துதெண்டால் கையோடை கொண்டுபோறன். வராட்டில் எனக்கு வேண்டாம், குறை நினைக்காதேங்கோ."

அன்றைக்குப் பின்னேரம் ஐயாவிடம் போய் நின்றேன். "ஐயா, அப்ப தேருக்கு?"

"தேருக்குச் சைக்கிளிலை போவம் பிள்ளை." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை விடிய நான் கோழிக்கூட்டடிக்குப் போனேன். இருமல் மருந்துப் போத்தலில் இருந்த பெற்றோலை ஒரு பழைய எண்ணெய்ப் போத்தலுக்குள் ஊற்றி, வெங்காயத் தாள் குவியலுக்குள் தாட்டு மறைத்தேன். இருமல் மருந்துப் போத்தலில் மண்ணெண்ணெயை நிரப்பினேன். இரண்டும் தண்ணி மாதிரித்தான், மணந்து பார்த்தால்தான் பிடிபடும். பதினொரு வயதுக் கை, பொறாமை பிடித்த கை, நன்றாக வேலை செய்தது.

யாவாரி வாழைப்பழச் சீப்பும் வெற்றிலையும் கொண்டு வந்தார். அம்மா காருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினா. அண்ணை முதலே பொனற்றுக்குள் தன் வேலையை முடித்து மூடியைப் பூட்டிவிட்டு நின்றான், நெற்றி நிறையத் திருநீறு. ஐயா, "பிள்ளை, கொண்டா" என்றார். கொண்டுபோனேன். இரண்டு மூடி நீட்டினேன். "காணும்" என்றார்.

அன்றைக்கு மட்டும் அந்தச் சொல் நெஞ்சில் குத்தியது.

அண்ணை ஹான்டிலைச் செருகிச் சுழற்றினான். கார் ஒரு தரம் முனகிவிட்டுப் பேசாமல் நின்றது. இன்னொரு தரம். இன்னும் ஒன்று. அவன் சேட்டு நனைந்து முதுகோடு ஒட்டியது. ஐயா அவனைக் கிணற்றடிப் பக்கம் விலக்கிவிட்டுத் தானே சுழற்றினார். ஒன்றுமில்லை. கற்பூரம் எரிந்து முடிந்துவிட்டது. யாவாரி செருமினார்.

ஐயா பொனற்றுக்குள் குனிந்தார். முதுகுதான் எங்கள் பக்கம், உள்ளே என்ன செய்தார் என்று தெரியவில்லை. மணக்கிறார், மணந்து கண்டுபிடிக்கப் போகிறார் என்று பயந்தேன். முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். பிறகு நிமிர்ந்து, சீலைத்துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை எப்படிச் சொல்ல! கோபம் இல்லை. கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. எனக்கு எல்லாம் தெரியும், நீ பயப்படாதே என்று சொல்கிற பார்வை. தலை மெல்ல அசைந்தது. பின்சீற்றில் இருந்து பிடரியையே பார்த்து வளர்ந்தவளுக்கு ஐயாவின் முழு முகமும் அன்றைக்குத்தான் கிடைத்தது.

யாவாரியிடம் திரும்பினார். "குறை நினைக்காதேங்கோ. எஞ்சின் சரிவராது. தெரிஞ்சுகொண்டு உங்கடை தலையிலை கட்ட மாட்டன்."

"என்னப்பா கதைக்கிறியள்?" அம்மா கத்தினா. "நேற்று ஓடினதுதானே!"

"நேற்று ஓடினது. இண்டைக்கு ஓடேல்லை. விடு."

யாவாரி வெற்றிலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார், வாழைப்பழத்தை விட்டுவிட்டுப் போனார். அம்மா ஒரு கிழமை ஐயாவோடு கதைக்கவில்லை. நான் பின்னேரமே பெற்றோலைத் திரும்ப மாற்றிவிட்டேன். மறுநாள் காலை ஒரே சுழற்றில் கார் உறுமியது. அம்மா குசினி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டா.

"அதுக்குப் போக விருப்பமில்லை," என்றார் ஐயா. "விருப்பமில்லாததைத் தள்ளி அனுப்பேலாது."

பிறகு திருத்தத்தான் வேண்டியிருந்தது. அச்சுவேலிப் பக்கம் ஒரு வளவுக்குள் அதே மாதிரிக் கார் ஒன்று, உள்ளே கோழி முட்டையிட்டபடி கிடந்ததை மெக்கானிக் கண்டுபிடித்தார். அதன் எஞ்சின் சாமானைக் கழற்றி வாங்க அந்தப் போக வெங்காயக் காசு முழுக்கப் போனது. அண்ணை மெக்கானிக்கோடு காருக்குக் கீழேயே கிடந்தான், சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. தேருக்கு முதல்நாள் வேலை முடிந்தது.

தேரன்று பச்சைப் பட்டுப் பாவாடையோடு முன்கதவடியில் போய் நின்றேன். ஐயா என்னைக் கண்டு கொஞ்சம் தடுமாறினார்.

"பிள்ளை, இண்டைக்கு நீ பின்னுக்கு ஏறு. வழியிலை நிண்டால் அண்ணை இறங்கி ஹான்டில் அடிக்கோணும். ஹான்டில் அடிக்கிறவன் முன்னுக்கு இருந்தால்தான் சுகம்."

நல்லூர் வரைக்கும் அழுதேன். கார் வழியில் ஒரு தரமும் நிற்கவில்லை, பாவி. அதற்குப் பிறகும் முன்சீற் எனக்குக் கிடைக்கவில்லை. என் கலியாணத்தன்றும் மணவறைக்குப் பின்சீற்றில்தான் போனேன். முன்னுக்கு அண்ணை கார் ஓடினான், பக்கத்தில் ஐயா.

இடம்பெயர்ந்தபோது அரிசியும் கோழியும் நாங்களும் அந்தக் காரில்தான் கொடிகாமம் போனோம், அதே காரில்தான் திரும்பி வந்தோம். அண்ணையோடு படித்த பொடியன்கள் பிரான்சு, கனடா என்று போய்க் கழுத்தில் சங்கிலியோடு வந்து மாடி கட்டினார்கள். இவன் கலியாண ஹயர் ஓடினான். ஒவ்வொரு மாடியைக் காணும்போதும் எனக்குப் பக்கென்று இருக்கும். இவனுடைய மாடியை நான்தான் ஒரு போத்தல் மண்ணெண்ணெயில் கரைத்தேன் என்று நினைப்பேன். கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்வேன். எரிச்சலும் விடாது. ஐயாவோடு கடைசிவரை இருந்தது அவன். ஐயாவுக்கு நெஞ்சு நோவு வந்தபோது ஆசுப்பத்திரிக்குக் கார் ஓடினது அவன். ஐயாவின் மூச்சு அந்த முன்சீற்றில், அவனுக்குப் பக்கத்தில்தான் நின்றது. நான் நெல்லியடியிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர எல்லாம் முடிந்துவிட்டது.

ஆனாலும் என்னிடம் ஒன்று இருந்தது. அந்த வியாழக்கிழமைப் பார்வை. எல்லாம் அவனுக்கு இருக்கட்டும், ஐயாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு இரகசியம் உண்டு, அது இவனுக்குத் தெரியாது என்று முப்பது வருசத்துக்கு மேல் அதை நகை மாதிரிப் பொத்தி வைத்திருந்தேன்.

சரி. போன ஞாயிற்றுக்கிழமை புத்தூருக்குப் போனேன். வித்துப்போடு என்று சொல்லத்தான் போனேன், மறைப்பானேன்? தொலையட்டும் என்றிருந்தது. கார் கொட்டிலுக்குள், அந்த வியாழக்கிழமை நின்ற அதே இடத்தில் நின்றது. ரயர் இரண்டு காற்றுப் போயிருந்தது. பின்சீற்றில் அம்மாவின் சீலை உறை இப்போதும் கிடந்தது. அண்ணைக்கு மொட்டை விழுந்துவிட்டது, கண்ணாடி போடுகிறான். அவனைப் பார்த்ததும் என்ன வந்ததோ, சொல்லிவிட்டேன். கோழிக்கூடு, போத்தல், மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் கொட்டினேன். "உன்ரை வாழ்க்கையைக் கெடுத்தது நான்தான் அண்ணை" என்று அழவும் செய்தேன்.

அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தான்.

"எடி விசரி, நீ பெற்றோல் விட்டிருந்தாலும் அண்டைக்கு அது ஸ்ராட் வந்திராது."

"ஏன்?"

"ரோட்டர் என்ரை களுசான் பொக்கற்றுக்குள்ளை எல்லோ கிடந்தது. நான் பூட்டேல்லை. வெறும் மூடியைத்தான் பூட்டினனான்."

நான் திரும்பிக் காரின் பொனற்றைப் பார்த்தேன்.

"எனக்குப் போக விருப்பமில்லை பிள்ளை. மாமாவின்ரை வீட்டிலை ஒட்டிக்கொண்டு இருக்கவோ? இந்தக் காரை ஓடோணும், ஐயாவோடை நிக்கோணும், அவ்வளவுதான் எனக்கு. சொன்னால் அம்மா கிணத்துக்குள்ளை குதிப்பன் எண்டிருப்பா. ஐயா குனிஞ்சு மூடியைத் திறந்து பாத்தவர். உள்ளை வெறும் இடம். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பாத்தார் பார், செத்தாலும் மறக்கமாட்டன். தலையை ஆட்டிப்போட்டுத்தான் யாவாரியிட்டைச் சொன்னவர்."

"உன்னைப் பாத்தவரோ?"

"என்னைத்தான்."

"நீ எங்கை நிண்டனி?"

"உதிலைதான், கிணத்தடிப் படியிலை."

முருங்கை மரம் எப்போதோ விழுந்துவிட்டது, அடி மட்டும் இருக்கிறது. நான் அதில் போய் நின்றேன். "போய் நில்லு" என்றேன். "என்னடி உனக்கு?" என்று முணுமுணுத்தபடி அவன் போய்ப் படியில் நின்றான். நான் காரின் முகப்பைப் பார்த்தேன், பிறகு திரும்பிப் பின்னால் பார்த்தேன். ஒரே கோடு. ஐயா நின்ற இடம், நான், எனக்குப் பின்னால் என்னை விட ஒரு முழம் உயரமாக அவன். பார்வை என் தலைக்கு மேலால் போயிருக்கிறது.

நான் செய்த களவுகூட எனக்கில்லை, வயதுக்காரர்களே. அதற்குக் கிடைத்த மன்னிப்பும் அவனுக்குத்தான். விடிய எழும்பி மண்ணெண்ணெய் நிரப்பினது வீண், அர்ச்சனை வீண், முப்பது வருசம் பொத்தி வைத்தது வீண். ஐயா அன்றைக்கும் என்னைப் பார்க்கவில்லை.

"அதையும் எடுத்திட்டியே அண்ணை," என்றேன்.

"எதையடி?"

"ஒண்டுமில்லை."

அவன் கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் விளங்கவில்லை அவனுக்கு. "சரி, காரைச் சொல்லு. குடுப்பமோ?"

கொடுத்தால் யாரோ ஒருத்தன் காற்சட்டையோடு வந்து முன்சீற்றில் ஏறி இருப்பான். நினைக்கவே வயிறெரிந்தது.

"குடுக்காதை. திருத்து. திருத்திப்போட்டு என்னைக் கூப்பிடு, நல்லூருக்குப் போவம். நீ ஓடு. நான் முன்னுக்கு இருக்கப் போறன்."

அண்ணை மொட்டைத் தலையைச் சொறிந்தான்.

"அப்ப வழியிலை நிண்டால் ஹான்டில் ஆர் அடிக்கிறது?"

ஐயாவின் குரல், அப்படியே.

"நான் அடிப்பன்," என்றேன்.